புகை இல்லாப் பேருந்தும் யூரியா மூட்டையும்

ஹைட்ரஜன் என்ற சொல்லை நம்ம உழவர் காதில் போட்டால் முதலில் நெடுவாசல்தான் நினைவுக்கு வரும். 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்த ஊர் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் வரைக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. இப்போ அதே மாதிரி ஒலிக்கிற இன்னொரு சொல் வந்திருக்கு. முன்னால் ‘பசுமை’ என்று ஒரு அடைமொழி வேறு. பசுமை ஹைட்ரஜன். அதில் பேருந்து ஓடும், புகையே வராது, குழாயில் தண்ணீர்தான் சொட்டும் என்கிறார்கள்.

இந்தப் பேருந்துகளை எங்கே முதலில் ஓட்டலாம் என்ற பேச்சு வந்தால், எல்லாரும் கைகாட்டுவது பல்கலைக்கழக வளாகத்தைத்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில் பொத்தேரியை எடுத்துக்குங்க. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ரயிலில் வந்தால் நிலையத்தை ஒட்டியே பல்கலைக்கழகம். அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலை. காலையும் மாலையும் கல்லூரிப் பேருந்துகள் வரிசை கட்டும். ஓடும் தூரம் குறைவு, தடம் மாறாது, இரவில் எல்லாம் ஒரே கொட்டகைக்குத் திரும்பிவிடும். புது எரிபொருளைச் சோதித்துப் பார்க்க வசதியான இடம்தான்.

அப்ப நல்லதுதானே, உழவர் பத்திரிகையில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று தோணும். காரணம் இருக்கு. ஹைட்ரஜன் நமக்குப் புதுசு இல்லை. நாம் வேண்டாம் என்று தள்ளி வைத்த யூரியா மூட்டைக்குள் நூறு வருசமாக உட்கார்ந்திருப்பது இதே வாயுதான். நிலம், தண்ணீர், வைக்கோல் என்று மூன்று பக்கமும் இது நம்மைத் தொடப் போகிறது. கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம்.

பேருந்துக்குள் என்ன நடக்குது?

டீசல் எஞ்சின் எரிபொருளை எரிக்கிறது. ஹைட்ரஜன் பேருந்தில் எரிப்பே இல்லை. கூரை மேல் உருளைகளில் 350 பார் அழுத்தத்தில் வாயு அடைத்திருக்கும். பேருந்து டயரில் நாம் அடிக்கிற காற்றைப் போல நாற்பது மடங்கு அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாயு எரிபொருள் கலம் என்ற பெட்டிக்குள் போகும். உள்ளே மெல்லிய தாள் போல ஒரு சவ்வு, அதன் இரு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் வெளியிலிருந்து வரும் காற்று. ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டுச் சவ்வைக் கடந்து ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிவிடும். விடுபட்ட எலக்ட்ரான்கள் கம்பி வழியாக ஓடும், அதுதான் மின்சாரம். அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றும்.

ஆக, இதுவும் ஒரு மின்சாரப் பேருந்துதான். பேட்டரியில் மின்சாரத்தைச் சேமித்துக் கொண்டு போவதற்குப் பதில், வாயுவாகக் கொண்டுபோய் வழியில் மின்சாரம் ஆக்கிக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் எளிதில் புரியும்.

மகேந்திரகிரியிலிருந்து லே வரை

இந்தியாவில் இந்தப் பேருந்துக்கு முதல் சோதனை ஓட்டம் நடந்தது தமிழ்நாட்டில்தான். 2013 ஜூலை 28 அன்று, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையத்தில், இஸ்ரோவும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய பேருந்தை ஓட்டிக் காட்டினார்கள். ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜனைக் கையாண்டு பழகிய இடம் அது. அந்தப் பழக்கம் பேருந்துக்கும் உதவியது.

பத்து வருசம் கழித்து, 2023 செப்டம்பர் 25 அன்று டெல்லியில் இந்தியன் ஆயில் நிறுவனம் இரண்டு ஹைட்ரஜன் பேருந்துகளைச் சாலையில் இறக்கியது. நான்கு உருளைகளில் 30 கிலோ வாயு, 350 கி.மீ. ஓட்டம், நிரப்ப 10 முதல் 12 நிமிடம் என்று சொன்னார்கள். லடாக்கின் லே நகரில் என்.டி.பி.சி. சூரிய மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரித்து 5 நகரப் பேருந்துகளுக்கு ஊட்டும் திட்டத்தை அமைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு 37 வாகனங்கள், 9 நிரப்பு நிலையங்கள் கொண்ட சோதனைத் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் பக்கத்துக் கேரளத்தின் திருவனந்தபுரம் – கொச்சி தடம் உண்டு. தமிழ்நாட்டுத் தடம் எதுவும் இல்லை.

ஆனால் தமிழ்நாடு சும்மா இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் செய்த ஹைட்ரஜன் ரயில் பெட்டி 2025 ஜூலையில் சோதனை ஓட்டம் பார்த்தது. அரியானாவில் ஓட்டுவதற்காகச் செய்த ரயில் அது. பொத்தேரிக்குக் கிழக்கே, கேளம்பாக்கம் தாண்டி தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் இரண்டாவது வளாகம் இருக்கு. அங்கே ஹூண்டாய் நிறுவனமும் தமிழ்நாடு அரசும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்க 2024இல் முடிவெடுத்தார்கள். அதாவது, இந்த வாயு செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் ஏற்கெனவே கால் வைத்துவிட்டது.

வாயு எங்கிருந்து வருது?

இயற்கை விளைபொருள் என்று அட்டை ஒட்டி ஒரு கடையில் அரிசி விற்றால் நாம் என்ன கேட்போம்? ‘எந்த ஊரு, யாரு வயல், என்ன போட்டு வளர்த்தாங்க?’ என்றுதானே. ஹைட்ரஜனிடமும் அதையே கேக்கணும். ஏன்னா, ஹைட்ரஜன் தோண்டி எடுக்கும் பொருள் மாதிரி கிடைப்பது அரிது. எதிலிருந்தாவது பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பிரிக்கும் வழியில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கு.

இன்றைக்கு இந்தியாவில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எந்த மீத்தேனை எதிர்த்துக் காவிரிப் படுகை எழுந்ததோ, எந்த மீத்தேன் திட்டத்துக்கு எதிராகப் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கும்போதே நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று காலமானாரோ, அதே மீத்தேன்தான் அதன் மூலப்பொருள். ஒரு கிலோ ஹைட்ரஜன் இப்படி எடுக்கும்போது சுமார் 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

இதைப் பேருந்துக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். இந்தியன் ஆயில் சொன்ன கணக்குப்படி 100 கி.மீ.க்கு சுமார் 8.5 கிலோ ஹைட்ரஜன் வேணும். எரிவாயுவிலிருந்து எடுத்தால் 85 கிலோ கரியமில வாயு. அதே தூரத்துக்கு டீசல் பேருந்து 25 லிட்டர் குடித்தால் சுமார் 67 கிலோ. புகை இல்லாப் பேருந்து டீசலை விட அதிகம் கெடுக்கிறது. புகை பொத்தேரியில் இல்லை, எரிவாயு ஆலைக்குப் பக்கத்தில் இருக்கு, அவ்வளவுதான்.

அடுத்த வழி, மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது. ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரித்து, அழுத்தி உருளையில் அடைக்க சுமார் 55 யூனிட் மின்சாரம் ஆகும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி. யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. பேருந்து 100 கி.மீ. போக 330 கிலோ வரும். டீசலைப் போல ஐந்து மடங்கு! பேட்டரிப் பேருந்தும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் சுமார் 88 கிலோ வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் சுத்தம் இல்லை. எல்லாம் எந்த மின்சாரம் என்பதைப் பொறுத்ததுதான்.

மூன்றாவது வழிதான் பசுமை ஹைட்ரஜன்: சூரிய, காற்று மின்சாரத்தில் தண்ணீரைப் பிரிப்பது, அல்லது தாவரக் கழிவிலிருந்து எடுப்பது. ஒன்றிய அரசு 2023 ஜனவரி 4 அன்று 19,744 கோடி ரூபாயில் இதற்கு ஒரு தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வந்தால் அதைப் பசுமை என்று சொல்லக் கூடாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் வரையறையும் வகுத்தார்கள். நல்ல வரையறைதான். நாம் கேக்க வேண்டியது, பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ‘பசுமை’ அந்த வரையறைக்குள் வருதா என்பதை.

ஒரு பேருந்துக்கு எத்தனை சென்ட்?

சரி, உண்மையிலேயே சூரிய மின்சாரம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 100 கி.மீ. ஓடும் ஒரு வளாகப் பேருந்து. ஹைட்ரஜன் என்றால் சுமார் 470 யூனிட் மின்சாரம். பேட்டரி என்றால் சுமார் 125 யூனிட் போதும். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஏன் இப்படி? பேட்டரியில் மின்சாரம் உள்ளே போகிறது, வெளியே வருகிறது; வழியில் கொஞ்சம்தான் வீண். ஹைட்ரஜனில் மின்சாரம் வாயு ஆகி, வாயு அழுத்தப்பட்டு, மறுபடி மின்சாரம் ஆகணும். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. நெல்லைக் கொடுத்து மாவு வாங்கி, மாவைக் கொடுத்து நெல் வாங்குகிற கதை.

இதை நிலமாக மாற்றினால் நமக்கு இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு சுமார் 4 யூனிட் தரும். ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர் நிலம். இந்தக் கணக்கில் ஒரு ஹைட்ரஜன் பேருந்துக்கு 47 சென்ட், ஒரு பேட்டரிப் பேருந்துக்கு 12 அல்லது 13 சென்ட். பத்துப் பேருந்து என்றால் கிட்டத்தட்ட 5 ஏக்கரும், ஒன்றேகால் ஏக்கரும். லே திட்டத்தைப் பாருங்க: 5 பேருந்துகள், நாளுக்கு 80 கிலோ ஹைட்ரஜன். அதற்கு 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையம் வைத்திருக்கிறார்கள். நாம் போட்ட கணக்கு தாராளக் கணக்கு என்பது இதிலேயே தெரியும்.

வளாகத்தின் கூரைகளில் தகடு போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை. வாங்கும் மின்சாரம் என்றால் அந்தத் தகடுகள் எங்கோ ஒரு மானாவாரி நிலத்தில், ஒரு மேய்ச்சல் புறம்போக்கில்தான் நிற்கும். ஆடு மாடு மேய்கிற நிலத்தைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதிவிடுவது நமக்குப் பழகிய கதை.

பணக் கணக்கும் ஒன்று. 2025இல் பானிபட் சுத்திகரிப்பு ஆலைக்கான ஏலத்தில் பசுமை ஹைட்ரஜன் கிலோ 397 ரூபாய்க்கு முடிவானது. அந்த விலையிலேயே கிடைத்தாலும் 100 கி.மீ.க்கு 3,370 ரூபாய் ஆகிறது. டீசலில் சுமார் 2,300 ரூபாய். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் பேட்டரிக்கு ஆயிரம் ரூபாய்.

ஏரி மாவட்டத்தில் தண்ணீர்க் கணக்கு

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்போம். பொத்தேரியின் பேரிலேயே ஏரி இருக்கு. தண்ணீரைப் பிரித்து எரிபொருள் செய்கிறார்கள் என்றதும் வயிற்றைக் கலக்குவது நியாயம்தான். ஆனால் பயப்படும் முன் அளந்து பார்க்கணும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் பிரிய வேண்டும். உப்பு நீக்கிச் சுத்திகரிக்கும்போது கழியும் நீரையும், எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரையும் சேர்த்து 20 லிட்டர் என்று வைப்போம். ஒரு பேருந்துக்கு நாளுக்கு 170 லிட்டர். பத்துப் பேருந்துக்கு 1,700 லிட்டர். 5 குதிரைத்திறன் மோட்டார் சில நிமிடத்தில் இறைத்துவிடும். வளாகத்துப் பேருந்து ஏரியை வற்ற வைத்துவிடும் என்று யாராவது சொன்னால் அது மிகை.

பெரிய கணக்கு வேறே இடத்தில் இருக்கு. தேசிய இலக்கான 50 லட்சம் டன்னுக்கு இதே அளவில் தண்ணீர் போட்டால் ஆண்டுக்கு 10,000 கோடி லிட்டர், ஏறக்குறைய மூன்றரை டி.எம்.சி. நம்ம செம்பரம்பாக்கம் ஏரி முழுக் கொள்ளளவில் நிற்கும் தண்ணீருக்கு ஏறத்தாழ சமம். ஒரு நாடு முழுமைக்கும் இது பெரிய அளவு இல்லை. ஆனால் ஆலைகள் நாடு முழுக்கப் பரவி வரப் போவதில்லை. துறைமுகமும் வெயிலும் காற்றும் சேர்ந்த சில மாவட்டங்களில் குவியும். தமிழ்நாட்டில் அது தூத்துக்குடி. அங்கிருந்து அம்மோனியாவாக மாற்றி ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யும் திட்டம் வரைக்கும் ஒப்பந்தங்கள் போடப்பட்டிருக்கு. ஏற்கெனவே குடிநீருக்குத் திண்டாடும் மாவட்டம் அது.

கடல்நீரைக் குடிநீராக்கிக் கொள்வோம் என்பது பதிலாக வரும். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை ஓடுது. 2024இல் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்றும் சேர்ந்தது. சென்னையின் தாகத்துக்கு அது உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. பிரித்தெடுத்த உப்பு அடர்ந்த நீர் கடலுக்கே திரும்புகிறது என்பதும் உண்மை. எரிபொருளுக்காக இன்னும் ஆலைகள் வந்தால் கரையோர மீனவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

ஓட்டிப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் எரிபொருள் கல ஆய்வுக்குப் பேர் போனது. வளாகத்துக்குள்ளேயே ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் இருக்கு. 2015இல் மாணவர் பேருந்துகளோடு ஒரு ஹைட்ரஜன் பேருந்தையும் ஓட்டினார்கள். பிறகு மொத்தப் பேருந்தையும் மாற்றும் நேரம் வந்தபோது, 2018இல் அவர்கள் வாங்கியது 20 பேட்டரிப் பேருந்துகள். ஹைட்ரஜனை நன்றாகத் தெரிந்தவர்களே வளாகத்துக்குள் ஓட்டப் பேட்டரியைத் தேர்ந்தார்கள் என்பதைக் கவனிக்கணும்.

கனடாவின் விஸ்லர் மலை ஊரில் 2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி 20 ஹைட்ரஜன் பேருந்துகள் வந்தன. வாயு வந்ததோ நாட்டின் மறுபக்கம் க்யூபெக்கிலிருந்து, டீசல் லாரியில். செலவு தாங்காமல் 2014இல் நிறுத்திவிட்டார்கள். பிரான்சின் மாம்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பேருந்து வாங்கும் திட்டத்தை 2022 ஜனவரியில் கைவிட்டது. கி.மீ.க்கு 95 சென்ட் யூரோ ஆகும், மின்சாரத்தில் 15 சென்ட்தான் என்று அவர்கள் கணக்கு சொன்னது.

நம்ம சென்னையிலும் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை மாநகரப் போக்குவரத்துக் கழகம் இறக்கியது. அவை பேட்டரிப் பேருந்துகள்தான்.

இதனால் ஹைட்ரஜன் ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒரு வளாகத்தில் ஒரு பேருந்தை ஓட்டி, பிள்ளைகள் அதைப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. மகேந்திரகிரியில் நடந்தது அந்த மாதிரி வேலைதான். இரும்பு உருக்குவது, கடல் கப்பல் என்று பேட்டரி எட்டாத இடங்கள் இருக்கு. அங்கே இது உதவலாம். நாளுக்கு 100 கி.மீ. ஓடி இரவு கொட்டகைக்கு வரும் பேருந்து அந்த வகை இல்லை.

விடுதிச் சமையலறையில் ஒரு எரிபொருள் கிணறு

பெரிய வளாகம் என்றால் விடுதிகள் இருக்கும், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மூன்று வேளையும் சாப்பிடுவார்கள். காய்கறிக் கழிவு, மீந்த சோறு எல்லாம் டன் கணக்கில் போகும். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2022 பிப்ரவரியில் ஒரு ஆலை தொடங்கினார்கள். நாளுக்கு 550 டன் ஈரக் கழிவை வாங்கி சுமார் 17,000 கிலோ வாகன எரிவாயுவும் 100 டன் தொழுவுரமும் தரும் அளவுக்கு அமைத்தது. நகரப் பேருந்துகள் அந்த வாயுவில் ஓடுகின்றன.

அந்தக் கணக்கை ஒரு வளாகத்துக்குச் சுருக்கினால், ஒரு டன் கழிவுக்கு 30 கிலோ வாயு. ஒரு பேருந்து 80, 90 கி.மீ. ஓடும். சாண எரிவாயு தெரிந்த நமக்கு இதில் புதுசு எதுவும் இல்லை. ஆனால் ஹைட்ரஜன் தராத ஒன்றை இது தருகிறது: கலனிலிருந்து வெளிவரும் கரைசல் எரு. வயலிலிருந்து ஊருக்குப் போன சத்து, பேருந்தையும் ஓட்டிவிட்டு வயலுக்கே திரும்பி வரும். வளாகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் உழவர் குழு ஒன்று அந்த எருவை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டால், குப்பை கொட்டும் செலவும் மிச்சம்.

வைக்கோல் யாருக்கு?

நம்மை நேரடியாகத் தொடும் கேள்வி இது. தாவரக் கழிவிலிருந்து எடுப்பதும் பசுமை ஹைட்ரஜன்தான் என்று அரசு வரையறை சொல்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு கிலோ உலர்ந்த தாவரப் பொருளிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். சென்னை முருகப்பா செட்டியார் ஆய்வு மையம் சர்க்கரை, சாராய ஆலைக் கழிவுநீரிலிருந்து நுண்ணுயிர் மூலம் எடுக்கும் வேலையை முன்பே செய்து பார்த்தது. ஆலைக் கழிவுநீரில் எடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. சீமைக் கருவேலத்தை வெட்டி எடுத்தால் இன்னும் சந்தோஷம்.

வைக்கோலையும் கரும்புச் சோகையையும் கேட்டு வந்தால்தான் யோசிக்கணும். ஒரு பேருந்து 100 கி.மீ. போக 85 கிலோ வைக்கோல். ஒரு ஏக்கர் நெல்லில் இரண்டு டன் வைக்கோல் என்றால் 23 நாளில் தீர்ந்துவிடும். அந்த வைக்கோல் மாட்டுக்குப் போனால் சாணமாகி எருக்குழிக்கு வரும். மூடாக்காகக் கிடந்தால் ஈரம் காக்கும், மக்கி மண்ணின் கரிமம் ஆகும். ஆலைக்குப் போனால் கையில் கொஞ்சம் காசு. மண்ணுக்கு ஒன்றும் இல்லை. மண்ணுக்குத் திரும்ப வேண்டியதைக் ‘கழிவு’ என்று பேர் மாற்றி வாங்கினால், அந்தப் பேரை நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது.

யூரியா மூட்டைக்குள் இருக்கும் ஹைட்ரஜன்

யூரியா செய்ய முதலில் அம்மோனியா வேணும். அம்மோனியா செய்ய, காற்றில் இருக்கும் நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, 400 பாகைக்கு மேல் சூடாக்கி, நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தம் கொடுக்கணும். ஜெர்மனியில் 1913இல் இதற்கு முதல் ஆலை வந்தது. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், தூத்துக்குடியில் ஸ்பிக் எல்லாம் இதே வழிதான். முன்பு நாப்தாவில் ஓடிய இந்த இரண்டும் சில வருசங்களுக்கு முன் இயற்கை எரிவாயுவுக்கு மாறின.

ஒரு 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஏறக்குறைய 4.5 கிலோ ஹைட்ரஜன் உள்ளே போகிறது. அந்த ஹைட்ரஜனில் ஒரு பேருந்து 50 கி.மீ.க்கு மேல் ஓடும். பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். ஏக்கருக்கு மூன்று மூட்டை போடுகிற நெல் வயலில், ஒரு போகத்துக்கு 150 கி.மீ. பேருந்து ஓட்டம் கொட்டப்படுகிறது என்று அர்த்தம். அப்படியானால் மூன்று மூட்டையும் வாங்காத ஒரு இயற்கை உழவர் அந்த ஹைட்ரஜனையும், அதற்கான மீத்தேனையும் சத்தமில்லாமல் மிச்சப்படுத்திவிட்டார். இதற்கு எந்த அமைச்சரும் வந்து கொடி அசைப்பதில்லை.

இங்கேதான் ‘பசுமை’ நம்மிடம் வரப் போகிறது. தேசியத் திட்டத்தின் கீழ் 13 உர ஆலைகளுக்கு ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அம்மோனியா கொடுக்க ஏலம் நடந்திருக்கு. எரிவாயு இறக்குமதி குறையும், காற்று கொஞ்சம் சுத்தமாகும். அது வரைக்கும் நல்லது. நாளைக்கே கடையில் பச்சை எழுத்தில் உர மூட்டை வந்தால் ஏமாறக் கூடாது. சூரிய மின்சாரத்தில் செய்தாலும் அம்மோனியா அம்மோனியாதான். மண்ணில் போட்டால் அதே வேலைதான் செய்யும்: மண்ணின் கரிமத்தை ஈடுகட்டாது, நைட்ரேட்டாகிக் கிணற்றில் இறங்கும், நைட்ரஸ் ஆக்சைடாகிக் காற்றில் ஏறும். ஆலையின் புகை குறைந்ததால் வயலின் நோய் தீராது.

இதே வேலையை நம்ம தக்கைப்பூண்டு எப்படிச் செய்யுது என்று பாருங்க. வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம், நைட்ரஜினேஸ் என்ற நொதியை வைத்துக்கொண்டு, சாதாரண வெயிலில், சாதாரண அழுத்தத்தில், காற்றின் நைட்ரஜனை அம்மோனியா ஆக்குகிறது. அப்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கிறது. சில வகை ரைசோபியம் அதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். மற்றதில் வாயு மண்ணுக்குள் கசியும். அதை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றிப் பெருகும். பயறு வகை போட்ட மண்ணில் அடுத்த பயிர் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள், பூக்கும் பருவத்தில் மடக்கி உழவு. பிளாட்டினமும் இல்லை, 350 பார் உருளையும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

வளாகத்தில் ஹைட்ரஜன் பேருந்து வந்தாலும், ஊர்ப்பக்கம் ஹைட்ரஜன் ஆலை வந்தாலும், கிராம சபையிலும் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

1. வாயு எதிலிருந்து எடுக்கப்படுது? எரிவாயுவா, மின்சாரமா, தாவரக் கழிவா? எங்கே தயாராகி, எதில் ஏற்றி வருது?

2. மின்சாரம் என்றால் எந்த மின்சாரம்? தகடுகள் கூரையிலா, யாருடைய நிலத்திலா?

3. தண்ணீர் ஏரியிலிருந்தா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, சுத்திகரித்த கழிவுநீரா, கடலா? நாளுக்கு எத்தனை லிட்டர்?

4. அதே வேலையை பேட்டரியோ, விடுதிக் கழிவு எரிவாயுவோ செய்யுமா? கி.மீ.க்கு எவ்வளவு ஆகும் என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

5. நிரப்பு நிலையத்துக்கும் வகுப்பறைக்கும் குடியிருப்புக்கும் எவ்வளவு இடைவெளி? 2019 ஜூனில் நார்வேயில் ஒரு நிரப்பு நிலையம் வெடித்தது. காற்றை விட மிக லேசான வாயு என்பதால் திறந்த வெளியில் மேலே போய்விடும். மூடிய கொட்டகையில் கூரைக்கடியில் தங்கும்.

6. வைக்கோல், சோகை, சக்கை கேட்கிறார்களா? அதற்கு ஈடாக மண்ணுக்கு என்ன திரும்பும்?

பொத்தேரியிலும் தையூரிலும் படிக்கும் பிள்ளைகளில் நம்ம வீட்டுப் பிள்ளைகளும் இருக்காங்க. அவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுங்க. எங்கே தப்பு இருக்குன்னு அவர்களையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்க. ஆய்வகத்தில் எரிபொருள் கலம் செய்கிற கை, ஒரு தக்கைப்பூண்டுச் செடியையும் வேரோடு பிடுங்கி அந்த முடிச்சைக் கிள்ளிப் பார்க்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ஆலை ஓடிக்கொண்டிருக்கு என்று அர்த்தம்.